‘அஜைல்’ முறை: சொல்லும் செயலும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



தமிழ்ச் சங்க மேடையில் இலக்கியம் பேசுவது வழக்கம். சமயம் பேசுவதும் உண்டு. இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளோ, மென்பொருள் நிறுவனங்களில் வேலையைப் பங்கிட்டு நடத்தும் ‘அஜைல்’ என்னும் முறையைப் பற்றியது. இதை இங்கே பேசுவானேன் என்று சிலர் கேட்கலாம். பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை நிறுத்திக்கொண்டு ரயில்வேயில் எழுத்தர் வேலை பார்க்கும் நமக்கு இதைப் பேச என்ன தகுதி என்றும் கேட்கலாம். இரண்டும் நியாயமான கேள்விகளே.

முதற் கேள்விக்கு நம் காலனியே விடை. முன்னாளில் தமிழர் இந்நகருக்கு வந்தது சாலைக் கடைத்தெருவில் வாணிகம் செய்யவும், கரமனை, வலியசாலை முதலிய இடங்களில் குடியிருந்து பலவகைப் பணிகள் பார்க்கவும் ஆகும். பின்னர் ரயில்வே போன்ற இடங்களில் உத்தியோகம் தேடி வந்தவர் பலர். நம் பிள்ளைகள் இன்று போவது கழக்கூட்டத்துக்கு. அங்கே 1990இல் டெக்னோபார்க் நிறுவப்பட்டது; நாட்டில் முதன்முதல் எழுந்த தொழில்நுட்பப் பூங்கா அதுவே. அங்கே வேலைக்குப் போகும் மகனோ மகளோ மருமகளோ இல்லாத வீடு நம் காலனியில் குறைவு. மாதந்தோறும் சம்பளம் வருகிறது; வீட்டுக் கடன் அடைகிறது. ஆனால் பிள்ளை வீட்டுக்கு வந்த பின்னும் வேலை அவனை விடுவதில்லை. இரவு பத்து மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு கணிப்பொறியின் முன் பேசிக்கொண்டிருக்கிறான். என்னப்பா என்று கேட்டால் ‘ஸ்டாண்டப்’ என்கிறான். நாளை ‘ஸ்பிரிண்ட்’ முடிகிறது என்கிறான். நமக்குப் புரிவதில்லை, அவனுக்கு விளக்கப் பொழுதில்லை. ஒரே வீட்டுக்குள் இப்படி ஒரு சுவர் எழுவது நல்லதன்று. அச்சுவரில் ஒரு சாளரம் திறப்பதே இவ்வுரையின் நோக்கம்.

இரண்டாம் கேள்விக்கு விடை இது. மென்பொருளின் உள் நுட்பம் நாம் அறியோம். ஆயினும், பலர் கூடிச் செய்யும் வேலையை எழுதுவதும், எண்ணுவதும், படிவத்தில் நிரப்பி மேலிடத்துக்கு அனுப்புவதும் நமக்கு நெடுநாட் பழக்கம். வேலை ஒன்று, வேலையின் கணக்கு வேறொன்று என்பதை எழுத்தனைவிட நன்கு அறிந்தவர் யார்? அந்த அனுபவத்தையும், காலனி இளைஞர்கள் பொறுமையோடு சொல்லித் தந்த செய்திகளையும் சேர்த்தே பேசுகின்றோம்.

முதலில் இம்முறை பிறந்த வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். முன்பெல்லாம் மென்பொருள் ஆக்குவது வீடு கட்டுவதை ஒத்திருந்தது. என்ன வேண்டும் என்று கேட்டு எழுதுவது முதற் படி. திட்டம் வரைவது இரண்டாம் படி. பின் நிரல் எழுதுவது, சோதிப்பது, ஒப்படைப்பது. ஒன்று முழுதும் முடிந்த பிறகே அடுத்தது. கீழே விழுந்த நீர் மேலே ஏறாது என்பதால் இதற்கு அருவி முறை என்றே பெயர் வந்தது. இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. தமக்கு வேண்டியது இன்னதென்று வாடிக்கையாளர் தெளிவாக உணர்வது, முடிந்த பொருளைக் கண்ணால் கண்ட பின்புதான். அதற்குள் ஆண்டுகள் கழிந்துவிடும், பணமும் கரைந்துவிடும். 1970இல் வின்ஸ்டன் ராய்ஸ் என்பவர் இப்படிகளைப் படமாக வரைந்து ஒரு கட்டுரை எழுதினார். இப்படியே ஒரே போக்கில் செய்வது ஆபத்து என்றும் அதே கட்டுரையில் எழுதினார். படம் உலகெங்கும் பரவியது, எச்சரிக்கை பரவவில்லை. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வந்த முறைக்கும் இதே கதி நேர்ந்தது.

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்ட் என்னும் பனிமலை விடுதியில் 17 பேர் கூடினர். கென்ட் பெக், வார்டு கன்னிங்ஹாம், மார்ட்டின் ஃபௌலர், ரான் ஜெஃப்ரீஸ், கென் ஷ்வேபர், ஜெஃப் சதர்லாந்து முதலியோர் அவர்கள். அனைவரும் கையால் நிரல் எழுதியும் எழுதுவோருடன் இருந்தும் பழகியவர்கள். சில சொற்களில் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அதன் கருத்து எளியது. விதிமுறைகளையும் கருவிகளையும்விட மனிதரும் அவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதும் பெரிது. கட்டுக்கட்டான ஆவணங்களைவிட ஓடும் மென்பொருள் பெரிது. ஒப்பந்தப் பேரத்தைவிட வாடிக்கையாளரோடு கூடி உழைப்பது பெரிது. போட்ட திட்டத்தைப் பற்றிக்கொண்டு நிற்பதைவிட மாறிய நிலைமைக்கு ஏற்ப மாறுவது பெரிது. அஜைல் என்றால் சுறுசுறுப்பு. சட்டென்று திரும்பவல்ல தன்மை என்றும் கொள்ளலாம். சோர்வின்றி நெடுங்காலம் தாங்கக்கூடிய வேகத்திலேயே வேலை நடக்க வேண்டும் என்பதும், நல்ல ஆட்களைத் தேர்ந்து அவர்களை நம்ப வேண்டும் என்பதும் அவர்கள் வகுத்த 12 கொள்கைகளுள் அடங்கும்.

இக்கருத்தை நடைமுறைப்படுத்தும் வழிகள் பல. அவற்றுள் மிகுதியும் பரவியது, சதர்லாந்தும் ஷ்வேபரும் 1995இலேயே உலகுக்கு எடுத்துரைத்த ‘ஸ்கிரம்’ என்பது. இதில் வேலையை ஒரு மாதத்துக்கு மேற்படாத சிறு பகுதிகளாகப் பிரிப்பர். பெரும்பாலும் இரண்டு வாரம். இதுவே ஸ்பிரிண்ட். நாள்தோறும் 15 நிமிடத்துக்கு மேற்படாமல் குழுவினர் கூடிப் பேசுவர். நீளாதிருக்க நின்றுகொண்டே பேசுவதால் அது ஸ்டாண்டப் ஆயிற்று. பகுதி முடிந்ததும் செய்ததைக் காட்டுவர். பின்பு எது சரியாக நடந்தது, எதைத் திருத்தலாம் என்று தம்முள் ஆராய்வர். கேட்பதற்கு எவ்வளவு இனிமையாக இருக்கிறது! அப்படியானால் நம் பிள்ளைகள் ஏன் வாடுகின்றார்கள்?

அந்த 15 நிமிடக் கூட்டத்தையே எடுத்துக்கொள்வோம். அது குழுவினர் தமக்காகத் தாமே கூடுவது. ஓரிடத்தில் சிக்கிக்கொண்டேன், யாராவது கை கொடுங்கள் என்று ஒருவன் கூச்சமின்றிச் சொல்வதற்காக ஏற்பட்டது. பல இடங்களில் இன்று நடப்பதோ மஸ்டர் கூப்பிடுவது. மேலாளர் நடுவில் இருக்க, நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்வாய் என்று ஒவ்வொருவரும் அவரை நோக்கி ஒப்புவிக்கின்றனர். சிக்கலைச் சொன்னால் திறமைக் குறைவு என்று எண்ணுவார்களோ என்ற அச்சத்தால் அதை மறைக்கின்றனர். 15 நிமிடம் 45 நிமிடமாகிறது. உதவி கேட்கும் இடம் கணக்குக் கேட்கும் இடமாகிவிட்டது.

அடுத்தது எண். வேலை தொடங்குமுன் ஒவ்வொரு துண்டும் எவ்வளவு கடினமானது என்று குழுவினர் மதிப்பிட்டு 1, 2, 3, 5, 8, 13 என்று ஓர் எண் இடுவர். இவை ‘ஸ்டோரி பாயிண்ட்’ எனப்படும். இதைவிட அது பெரிது என்று தமக்குள் தெரிந்துகொள்ளும் ஒப்பீடேயன்றி, இஃது உழைத்த மணிக்கணக்கன்று. அடுத்த வீட்டுக் கைப்பிடி அரிசியும் நம் வீட்டுக் கைப்பிடி அரிசியும் ஒன்றாகுமா? ஆனால் மேலிடத்தார் குழுவுக்குக் குழு இந்த எண்ணை ஒப்பிடுகின்றனர். சென்ற முறை 30 எடுத்தீர்கள், இம்முறை 35 வேண்டும் என்கின்றனர். விளைவு என்ன? 3 என்று இட வேண்டிய வேலைக்கு 5 இடுகின்றனர். எண் வளர்கிறது, வேலை வளரவில்லை.

ரயிலில் பயணம் செய்வோர் இதனை எளிதில் உணர்வர். வண்டி நேரத்துக்கு வந்ததா என்பதை அது போய்ச் சேரும் கடைசி நிலையத்தில் வைத்துப் பார்ப்பது நெடுநாள் வழக்கம். கால அட்டவணையில் கடைசிச் சில கிலோமீட்டருக்குச் சற்றுத் தாராளமாக நேரம் ஒதுக்கியிருப்பார்கள். வழியெல்லாம் தாமதித்த வண்டியும் முடிவிடத்தில் ‘ரைட் டைம்’ ஆகிவிடும். இடையில் இறங்கிய பயணிக்கு மட்டுமே உண்மை தெரியும். ஓர் அளவைக் கட்டுப்படுத்தும் கருவியாக்கினால் அந்த அளவு நம்பத்தகாததாகிவிடும் என்ற கருத்தைச் சார்லஸ் குட்ஹார்ட் என்னும் ஆங்கிலேயப் பொருளியலறிஞர் 1975இல் எழுதினார். நம் எழுத்தர்கள் அதனை எழுதாமலே அறிவார்கள்.

மூன்றாவது, பழுது பார்க்க நேரமின்மை. அவசரத்தில் எழுதிய நிரலைப் பின்னர்த் திருத்தி ஒழுங்கு செய்யாவிடில் அது கடன் போல் வட்டியோடு வளரும் என்று வார்டு கன்னிங்ஹாம் 1992இலேயே உவமித்தார். தண்டவாளத்தைப் பழுது பார்க்க வேண்டுமானால் அவ்வழியில் வண்டி ஓட்டத்தைச் சில மணி நேரம் நிறுத்தித் தர வேண்டும். இதற்குப் ‘பிளாக்’ என்று பெயர். வண்டிகளை ஓட்டுவோருக்கு அதைத் தர மனம் வாராது. வண்டிகள் தாமதமாகுமே என்பர். பிளாக் தாராமலே காலம் தள்ளினால், ஒரு நாள் அவ்விடத்தில் மெதுவாகப் போகுமாறு ‘காஷன் ஆர்டர்’ கொடுக்க நேரும். அதன்பின் ஒவ்வொரு வண்டியும் ஒவ்வொரு நாளும் அங்கே ஊர்ந்தே செல்லும். ஸ்பிரிண்டுக்குப் பின் ஸ்பிரிண்டாகப் புதுப்புது வசதிகளையே கேட்டு, திருத்தத்துக்கு ஒரு நாளும் ஒதுக்காத குழுவுக்கு இதுவே நேர்கிறது. ஒரு நாளில் முடிந்த வேலை ஒரு வாரம் பிடிக்கிறது. அப்போது பழி யார்மேல் விழுகிறது? தண்டவாளத்தை யாரும் பார்ப்பதில்லை. வண்டி ஓட்டுபவனைப் பார்க்கின்றனர்.

நான்காவது, ஒப்பந்தமும் கடிகாரமும். நம் நாட்டு நிறுவனங்கள் பலவற்றுக்கு வேலை கடல் கடந்த வாடிக்கையாளரிடமிருந்து வருகிறது. என்னென்ன செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள், எவ்வளவு விலைக்கு என்ற மூன்றும் முன்பே கையெழுத்தாகி நிற்கும் ஒப்பந்தங்கள் உண்டு. இம்மூன்றும் அசையாதபோது மாறிய நிலைமைக்கு ஏற்ப மாறுவது எங்ஙனம்? மாறக்கூடியதாக எஞ்சியிருப்பது ஒன்றே: தொழிலாளியின் உறக்கம். அமெரிக்க மேற்குக் கரையில் காலை 9 மணி என்றால் இங்கே கோடையில் இரவு 9.30, குளிர்காலத்தில் இரவு 10.30. அவர்களுக்கு ஸ்டாண்டப் காலைக் காப்பியோடு நடக்கிறது. நம் பிள்ளைக்கு அது குழந்தையைத் தூங்க வைக்கும் நேரம்.

இந்நான்கு குறைகளுக்கும் வேர் ஒன்றே என்பது நம் துணிபு. ஸ்னோபேர்டில் கூடியவர்கள் விரும்பியது, வேலையைச் செய்பவனே வேலையின் உண்மையைச் சொல்லவும், அவன் சொல்லுக்கு ஏற்பத் திட்டத்தை மாற்றவும் இடம் தருவது. நிறுவனங்கள் பலவும் கூட்டத்தை எடுத்துக்கொண்டன; எண்ணை எடுத்துக்கொண்டன; புதுப் பெயர்களையும் எடுத்துக்கொண்டன. அதிகாரத்தை மட்டும் கீழே இறக்கவில்லை. அதிகாரம் இல்லாதவனை நாள்தோறும் பேசச் சொன்னால் அது கண்காணிப்பாகவே முடியும்.

இம்முறைக்கு ஒரு வகையில் முன்னோடி ஜப்பான் நாட்டு டொயோட்டா ஆலை. தைச்சி ஓனோ என்பவர் அங்கே வகுத்த முறையில், வாகனங்களைப் பூட்டும் வரிசையில் நிற்கும் எந்தத் தொழிலாளியும் குறை கண்டால் தலைக்கு மேலுள்ள கயிற்றை இழுக்கலாம். குறை தீராவிடில் வரிசையே நின்றுவிடும். நம் ரயில்வேயிலும் இத்தகைய விதி உண்டு. தண்டவாளத்தில் விரிசல் கண்ட டிராக்மேன் சிவப்புக் கொடி காட்டினால், தில்லி செல்லும் ராஜதானி விரைவு வண்டியும் நின்றே ஆக வேண்டும். கொடி பிடித்தவனின் சம்பளம் என்ன, பதவி என்ன என்று லோகோ பைலட் கேட்பதில்லை. வள்ளுவரும் ‘தெரிந்து வினையாடல்’ என்று ஓர் அதிகாரமே வகுத்தார். ஏற்றவனை ஆராய்ந்து தேர்ந்த பின் வேலையை அவன் பொறுப்பிலேயே விட்டுவிட வேண்டும் என்பது அங்கே அவர் காட்டும் நெறி. நம் பிள்ளைகளுக்குக் கொடி கொடுத்திருக்கிறார்கள். வண்டி நிற்குமா என்பதே கேள்வி.

நிற்க. இம்முறையே தீது என்று கூறுவது நம் கருத்தன்று. அமெரிக்க மத்தியப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. தன் வழக்குக் கோப்புகளைக் கணிப்பொறியில் ஏற்ற முயன்ற ஒரு பெருந்திட்டத்தை, ஏறத்தாழ 17 கோடி டாலர் செலவிட்ட பின் 2005இல் கைவிட்டது. அதற்கு மாற்றாக வந்த ‘சென்டினல்’ என்னும் திட்டமும் வெளி நிறுவனத்தார் கையில் இழுபறியாயிற்று. 2010இல் துறை அதனைத் தன் கையிலேயே எடுத்துக்கொண்டு, ஆட்களைக் குறைத்து, சிறு சிறு பகுதிகளாக அஜைல் முறையில் செய்து, 2012இல் பயனுக்குக் கொண்டுவந்தது. ஆக, உள்ளபடி கைக்கொண்டால் இம்முறை பயன் தரும்.

சீர்கேட்டை முதலில் உரக்கச் சொன்னவர்களுள் அதைத் தோற்றுவித்தவர்களும் உண்டு. 17 பேருள் ஒருவரான டேவ் தாமஸ், 2014இல் அஜைல் இறந்துவிட்டது என்றே தலைப்பிட்டு எழுதினார். அச்சொல் வணிகச் சரக்காகிவிட்டது என்பது அவர் வருத்தம். 2018இல் மார்ட்டின் ஃபௌலர், வேலை செய்வோர் மீது முறைகளைத் திணிப்பதே ஒரு பெருந்தொழிலாகிவிட்டது என்று ஆஸ்திரேலியாவில் நடந்த மாநாட்டில் கண்டித்தார். அதே ஆண்டில் ரான் ஜெஃப்ரீஸ், இப்பெயரால் திணிக்கப்படும் முறைகளைவிட்டு நிரலாளர் விலக வேண்டும் என்று எழுதினார். இரண்டு நாள் வகுப்பில் அமர்ந்து ‘ஸ்கிரம் மாஸ்டர்’ சான்றிதழ் பெறும் வழியும் ஏற்பட்டது. இரண்டு நாள் வகுப்பில் ஒருவரை ஸ்டேஷன் மாஸ்டர் ஆக்கி லைன் கிளியர் கொடுக்கச் சொன்னால் அந்த வண்டியில் நாம் ஏறுவோமா?

இனி நாம் செய்யத்தக்கது யாது? பெற்றோர்களுக்கு முதலில் ஒரு வேண்டுகோள். குளிர்சாதன அறையில் நாற்காலியில் இருந்து பார்க்கும் வேலையில் களைப்பு ஏது என்று கேட்பதை விட்டுவிடுங்கள். மூட்டை சுமப்பவன் மூட்டையை இறக்கி வைத்த பின் இளைப்பாறுவான். இவர்களுடைய மூட்டை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இறங்குகிறது. இறங்கிய மறுநாளே அடுத்தது ஏறுகிறது. என்ன சம்பளம் உயர்ந்தது என்று கேட்பதோடு, இந்த வாரம் எதில் சிக்கிக்கொண்டாய் என்றும் கேளுங்கள். பதில் முழுதும் புரியாவிட்டாலும் கேட்டுக்கொண்டிருங்கள். அலுவலகத்தில் சொல்ல முடியாததை வீட்டில் சொல்ல ஓர் இடம் இருந்தால் பாதிச் சுமை குறையும்.

இளைஞர்களுக்கும் ஒரு சொல். உங்கள் கூட்டங்களில் உண்மையான எண்ணையே சொல்லுங்கள். ஒருவன் மட்டும் சொன்னால் அது குற்றமாகும், குழுவே சொன்னால் அது செய்தியாகும். ஆதலின் முன்கூட்டியே ஒருவரோடொருவர் பேசி ஒன்றுபட்டுச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஸ்பிரிண்டிலும் பழுது பார்க்க ஒரு பங்கு நேரம் கேளுங்கள். பிளாக் தாராவிடில் காஷன் ஆர்டர் வரும் என்று கணக்கோடு காட்டுங்கள். ஆராய்ச்சிக் கூட்டத்தில் பத்துக் குறை பட்டியலிடுவதைவிட ஒரு குறையைத் தேர்ந்து அடுத்த கூட்டத்துக்குள் தீர்ப்பது மேல். இரவுக் கூட்டம் வாரத்தில் எத்தனை நாள், யார் யார் முறை வைத்து வருவது என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். இவை புரட்சி அல்ல. அந்த 17 பேர் கேட்டவற்றின் எல்லைக்குள் அடங்கியவையே.

நம் இளைஞர்களுள் சிலர் இன்று குழுத் தலைவர்களாகவும் மேலாளர்களாகவும் உயர்ந்திருக்கின்றனர். அவர்கள் கையில்தான் இதன் எதிர்காலம் இருக்கிறது. உங்கள் குழுவில் இளையவளான ஒரு பெண், இது முடியாது ஐயா, இன்னும் மூன்று நாள் வேண்டும் என்று சொல்லும்போது உங்கள் முகம் சுளிக்கிறதா, அல்லது காரணம் கேட்கிறீர்களா? முறையின் பெயர் எதுவாயினும், அந்த ஒரு நொடியிலேயே அது சுறுசுறுப்பா, வெறும் சவுக்கா என்பது தெரிந்துவிடும். அவள் சொன்னதைக் கேட்டுத் தேதியை மாற்றுங்கள். மேலிடத்துக்கு அதற்குரிய காரணத்தை எழுதி அனுப்புங்கள். எழுத்து வேலையில் உதவி வேண்டுமானால் காலனியில் எழுத்தர்களுக்குக் குறைவில்லை.